கோரம்

ஒட்டும் உறவும் இல்லாத மூவர்
கையெழுத்திட வேண்டும்.
படிவத்தின் நான்காம் பக்கம், பிரிவு ஆறு,
எறும்பு எழுத்து.

எங்கள் சங்கத்தில்
தலைவர் என் கணவர் தனபாலன்,
செயலாளர் அவர் தங்கை மோகாம்பரி,
பொருளாளர் நான்.
அலுவலகம், கார் நிற்க வேண்டிய இடம்.
பதினோரு வருடமாகக் கார் தெருவில் நனைகிறது.
அதன் இடத்தில் இரண்டு அண்டா.

சாட்ஸ்வர்த்தில் பகல் பன்னிரண்டுக்கு
எங்கள் கேட்டில் தொடங்கும் வரிசை
முடிவெட்டும் கடையைத் தாண்டி மேடேறும்.
நூற்றிருபது தட்டு.
மழை நாளில் இன்னும் இருபது.

டர்பனில், அறக்கட்டளை அலுவலகத்தின் குளிரில்,
அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கேட்டாள்:
பதிவு எண். சங்க விதிகள்.
இரண்டு வருடத் தணிக்கை.
மூன்று மாதத்துக்குமேல் பழசாகாத வங்கிக் கடிதம்.
பள்ளிக்கூட நோட்டைப் பிரித்து வைத்தேன்.
'சுகர் பீன்ஸ் ஒரு மூட்டை,
பங்களாதேஷ் சந்தை, சும்மா.'
சும்மாவுக்கு ரசீது உண்டா என்றாள்.

கூட்டங்களுக்குக் கோரம் இருக்கிறதா
என்றும் கேட்டாள்.
அந்தச் சொல் எனக்குத் தமிழில்தான் முதலில் கேட்டது.
இருக்கிறதம்மா,
பன்னிரண்டு மணிக்கு வந்து பாருங்கள்
என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

கணக்கர் சதாசிவன் செட்டி
மூன்று ஞாயிறு உட்கார்ந்து நோட்டைக் கணக்காக்கினார்.
கூலி, ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய்.
அதையும் செலவில் எழுதச் சொன்னார்.

தனபாலன் பதவி துறந்தார்,
சந்தோஷமாகக் கரண்டியைப் பிடித்தார்.
மோகாம்பரியும் விலகினாள்.
இனி இரண்டு பேர் வேண்டும்.
தெருவில் யாரைக் கேட்டாலும்
ஏதோ ஒரு கல்யாணத்தில்
எங்களுக்குச் சொந்தமாகி நின்றார்கள்.

மருந்துக்கடை ராணி மூட்லி
படிக்காமலே கையெழுத்திட்டாள்.
மூன்றாவது பெயர், பெகிசிஸ்வே.
செருப்பு ஃபேக்டரி மூடியதிலிருந்து
எங்கள் வரிசையில் பதினேழாவது ஆள்.
முத்து முத்தான எழுத்து.
படிவம் முழுவதையும் அவரே நிரப்பினார்,
நின்றபடி, அரிசி மூட்டைமேல் தாளை வைத்து.

படிவத்தை முழுக்கப் படித்தவரும் அவர் ஒருவர்தான்.
பிரிவு ஒன்பது:
நிர்வாகி பயனாளியாக இருத்தல் ஆகாது.

மறுநாள் பதினேழாவது இடத்தில்
பதினெட்டாவது ஆள் நின்றார்.
பெகிசிஸ்வே கேட்டருகே,
சட்டைப் பையில் கைவிட்டு,
தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
பசிக்கவில்லையா என்றேன்.
நான் நிர்வாகி என்றார்,
சிரிக்கத்தான் பார்த்தார்.
நான்கு நாள் அப்படி.

ஐந்தாம் நாள்
விதிகளின் பின்பக்கத்திலிருந்து மோகாம்பரி தோண்டியெடுத்தாள்:
கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்க்குச்
சிற்றுண்டி வழங்கலாம்.
எத்தனை கூட்டம் என்று எங்கும் இல்லை.

அன்றிலிருந்து
அண்டா கழுவுமுன் தினமும் கூடுகிறோம்.
குறிப்பேட்டில் முத்து முத்தாக:
வந்தவர் இருவர். கோரம் உண்டு.
முந்தைய குறிப்பு ஏற்கப்பட்டது.
பேசிய பொருள், உப்பு.
கூட்டம் முடிந்தது. சிற்றுண்டி வழங்கப்பட்டது.

சிற்றுண்டி என்பது
சோறு, பீன்ஸ் கறி, ஓர் ஆரஞ்சு.
சில நாள், வீட்டுக்கு ஒரு டப்பாவும்.

ஆண்டு முடிவில் சதாசிவன் எண்ணினார்.
இருநூற்று நாற்பத்தாறு கூட்டம்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்,
அண்டாவைப் பார்த்தார்.
மந்திரிசபைகூட இவ்வளவு கூடாதே
என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

நிதி இன்னும் வரவில்லை.
வங்கிக் கடிதத்துக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதாம்.
நாளை போய்ப் புதிதாக வாங்க வேண்டும்,
கூட்டம் முடிந்ததும்.