உறுதி

லிஸ்மோரின் வடக்கே, ஆறு கூரைவரை ஏறிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போன தெரு.
மின்கம்பியில் ஒரு குழந்தையின் நீச்சலுடை.
மூன்று கிழமையாக எனக்கு இங்கேதான் வேலை:
தூக்குநூல், ஈரமானி, சிவப்பு வர்ணக் குப்பி.

எட்டாம் இலக்க வீட்டுத் தூணில் நூலைத் தொங்கவிட்டேன்.
குண்டு ஆடி ஆடி நின்றது.
அது யாருக்கும் பரிந்து பேசாது.
நகரங்களுக்கு எதிரே இதே நூலோடு நின்ற தீர்க்கதரிசிகளை
சின்ன வயதில் ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறேன்.
செருப்பு விலைக்கு ஏழையை விற்றவனையும்
வயலோடு வயல் சேர்த்தவனையும்
நேருக்கு நேர் ஏசுவார்கள்.
எனக்குப் பிடிக்கும்.
ஏசப்படுகிறவர்கள் நாங்கள் இல்லை என்று
எப்படியோ ஒரு நம்பிக்கை.

கிளென் வாசலில் நின்றான்.
வெல்டிங் பட்டறைக்காரன். முழங்கால்வரை காய்ந்த சேறு.
ஞானசௌந்தரி அவன் வாயில் நானா ஆகியிருந்தாள்.
"இதையும் பார், நானா."
பிளாஸ்டிக் உறைக்குள்
போன வெள்ளத்துக்குப் பிந்திய அறிக்கை.
அத்திவாரம் நலம். தூண்கள் நலம். குடியிருக்கலாம்.
கீழே கையெழுத்து.
நான் தமிழில்தான் கையெழுத்து வைப்பேன்,
மறுக்க வழியில்லை.

அன்றைக்கு முப்பத்தொரு வீடு.
வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.
மேலாளருக்கு நலம் என்ற சொல் பிடிக்கும்.
நூல் பையில்தான் இருந்தது.
வெளியே எடுக்கவில்லை.

அவன் ஏசவில்லை.
ஏசியிருந்தால் விதிகளை விரித்துக் காட்டியிருப்பேன்.
"அம்மாவைக் கூரையை வெட்டித்தான் எடுத்தோம்" என்றான்,
யாரோ வீட்டுச் செய்தி போல.

சுவரில் சிவப்பாக எழுதினேன்: இடிக்க.
கை நடுங்கி எழுத்து வழிந்தது.

"பக்கத்துக் காணியை நேற்று வாங்கினேன்" என்றான் அப்போது.
இங்கேயா? இதையா?
"மேவிஸ் இனி வரமாட்டாள்.
யாராவது வாங்கத்தானே வேண்டும்."

ஐயாவும் இப்படித்தான்.
தொண்ணூறாம் ஆண்டு, மயிலிட்டியில் ஷெல் விழ விழ,
படகுக்கு ஓடிக்கொண்டிருந்த மச்சானை மறித்து
அம்மாவின் இரண்டு காப்பைக் கொடுத்து
எட்டுப் பரப்பு வாங்கினார்.
நொத்தாரிசு சிரித்தாராம்.
அம்மா சிரிக்கவில்லை.
நெஸ்டமோல்ட் பேணிக்குள் பத்திரத்தைப் போட்டு
மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார்.
பிறகு இருபத்தேழு வருடம் முள்வேலிக்குள் கிடந்தது மண்.
திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது,
ஐயா இல்லை.

முற்றுகைக்குள் வயல் வாங்கி
பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்த தீர்க்கதரிசியைப் பற்றி
எத்தனையோ பிரசங்கம் கேட்டும்
ஐயாவை விசரர் என்றே நினைத்திருந்தேன்.
எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரத்துக்கு
உறுதி என்றுதான் பெயர்.

கிளென் புதுக் காணியின் மூலையில் கட்டை அறைந்தான்.
"எவ்வளவு உயரம் வேண்டும்?"
சேற்றுக்கோட்டை நிமிர்ந்து பார்த்தேன்.
மேசையில் இருந்து யாரும் என் சொல்லைத் தெரிவு செய்யவில்லை.
சொன்னேன். முகம் சுளித்தான்.
அவனிடம் அவ்வளவு பணம் இல்லை.
குறைத்துச் சொல்லவில்லை நான்.

நெடுநேரம் கழித்து
நூலின் ஒரு நுனியை என் பக்கம் எறிந்தான்.
"இழுத்துப் பிடி, நானா. இந்தமுறையாவது."

குதிகால் சேற்றில் புதையப்
பிடித்துக்கொண்டு நின்றேன்.
குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.