கிலோ முன்னூறு ஃபில்ஸ்

அம்காராவில் எல்லாவற்றுக்கும் எடைதான்.
மொக்லேஸின் தராசில்
டிவிடி டிரைவும் இஸ்திரிப் பெட்டியும்
ஒரே சாதி.
உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் கேட்பதில்லை.
நானும் சொல்வதில்லை,
சொன்னால் விலை ஏறும்.

வெள்ளிக்கிழமை.
கழுவக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி
பள்ளிப் பேருந்தை எடுத்துவந்த சூசைமிக்கேல் அண்ணன்
இன்ஜினை அணைக்காமல் ஏசியில் இருக்கிறார்.
நான் வெயிலில் குனிந்து
ஸ்க்ரூ டிரைவரால் குவியலைக் கிளறுகிறேன்
கோழி மாதிரி.
ஏதோ ஒரு வங்கி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள்.
ஒரு கீபோர்டில் பூஜ்ஜியம் மட்டும் தேய்ந்திருக்கிறது.
ஒரு லேப்டாப் மூடியில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய நட்சத்திரம்,
பாதி உரிந்து.

எங்கள் பள்ளியிலும் லேசர் உண்டு.
பெட்டிக்குள், அலமாரிக்குள், பூட்டுக்குள்.
ஆய்வாளர் வரும் நாளில் துடைத்து வெளியே வைப்பேன்
போனதும் துடைத்து உள்ளே வைப்பேன்.
லேப் அசிஸ்டென்ட் என்று அடையாள அட்டை சொல்கிறது.
பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர்
ஒளி வளைவதைப் படத்தில் பார்த்துப்
பரீட்சை எழுதுகிறார்கள்.

முதல் டையோடு
புகையில்லாமல், சத்தமில்லாமல் செத்தது.
கரண்ட் கொஞ்சம் கூடிவிட்டது.
இரண்டாவது என் செருப்புக்கடியில்.
மூன்றாவதற்கு
இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர்,
சூடு வாங்க ஓர் அலுமினியத் துண்டு,
லென்ஸ் பிடிக்க ஷாம்பூ பாட்டில் மூடி.
அப்பாசியாவில் என் அறைச் சுவரில்
பொட்டு வைத்த மாதிரி விழுந்தது
சிவப்பு.

வகுப்பில்,
கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள் என்று
நான் கத்தி முடிப்பதற்குள்
ருகையா முக்காட்டுக்குள் கைவிட்டு
ஒரு முடியைப் பிடுங்கியிருந்தாள்.
ஒளிக்குக் குறுக்கே முடி.
சுவரில் ஒற்றைப் பொட்டு உடைந்து
சிவப்பு, இருட்டு, சிவப்பு, இருட்டு என்று
இருபுறமும் ஓடியது.
பின்பெஞ்சு எழுந்து முன்னால் வந்தது,
யாரும் கூப்பிடாமல்.

ப்ரிஜில் ஸ்கேல் வைத்தான்.
இருட்டுக்கும் இருட்டுக்கும் பதினெட்டரை மில்லிமீட்டர்.
சுவர் இரண்டு மீட்டர்.
பெருக்கினார்கள், வகுத்தார்கள், சண்டை போட்டார்கள்.
தசமப் புள்ளியைத் தொலைத்த ஒருவனுக்கு
ஏழு மில்லிமீட்டர் வந்தது.
முடியா, தாம்புக் கயிறா என்றாள் ருகையா.
எழுபது மைக்ரான்.
பலகையில் எழுதியதை
அன்று யாரும் அழிக்கவில்லை.

இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
வாங்கிய நிறுவனம், அம்காரா.
விலை, எடைக்கு.
உத்தரவாதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
முதல்வர் வட்டமிட்டு
பில் எங்கே என்று கேட்டிருந்தார்
அவரும் சிவப்பில்தான்.

பில்லுக்காகத்தான் திரும்பிப் போனேன்.
மொக்லேஸ் பில் எழுதுவதில்லையாம்.
அந்தப் பெட்டிகளை என்னதான் செய்கிறாய் என்று
எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.
வண்டியிலிருந்து எடுத்துவந்து
காலி கன்டெய்னரின் இருட்டில் காட்டினேன்.
நெடுநேரம் சுவரையே பார்த்தார்.
பிறகு தொப்பியைக் கழற்றி
நரைத்தது ஒன்று, நரைக்காதது ஒன்று பிடுங்கி
இரண்டையும் அள என்றார்.

கறுப்பு எழுபத்தொன்று.
வெள்ளை எழுபத்திரண்டு.
குவைத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம்,
ஒரே ஒரு மைக்ரானா என்று
சிரித்துக்கொண்டே இருந்தார்.
கருவியின் பிழை அதைவிடப் பெரிது என்று
எனக்கு இந்தியில் சொல்லத் தெரியவில்லை.
அட்டைத் துண்டில் இரண்டு எண்களையும் எழுதி வாங்கி
சிவில் ஐடிக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

அடுத்த வெள்ளி
டிவிடி டிரைவ்கள் மட்டும் தனியாக
ஒரு நீல வாளியில்.
தராசு பக்கம் நகர்ந்தேன்.
இது எடைக்கு இல்லை என்றார்.

பேரத்துக்குத் தயாராக
நானும் வாளியைக் கீழே வைத்தேன்.