குறிப்பு என்றொரு கட்டம்

மூன்றும் ஒரே அச்சில் வார்த்த ஹாலோ பிளாக்.
ஒரே மூட்டை சிமெண்ட், ஒன்றுக்கு ஆறு எம்-சாண்ட்,
இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்கு.
குட்டியானை வண்டியில் வைக்கோல் விரித்து
கருப்பூர் தாண்டி வந்து இறங்கின
மூன்று கல் உயரத்தில்
மூன்று சுவர்கள்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.
குட்டிச்சுவர் கெட்டால் என் மெஷின்.

முதல் சுவரை ஏற்றி முள்ளைப் பார்த்தேன்.
நூறு. இருநூறு.
இருநூற்று எழுபதில் அரிசி பொரிகிற சத்தம்.
இருநூற்று எண்பத்து நான்கில் படார்.
இரண்டாவது, இருநூற்று முப்பத்தொன்று.
மூன்றாவது
நூற்று அறுபத்தெட்டிலேயே விட்டுவிட்டது.

மேஸ்திரி பச்சியண்ணன் வாசலில் நின்று
மூன்று சத்தத்தையும் கேட்டார்.
மூன்றாவதுக்கு மட்டும் குனிந்து
செருப்பில் காய்ந்திருந்த கலவையைச் சுரண்டினார்.

"சராசரி போட்டுடுங்க மேடம்" என்றார்
கன்னங்குறிச்சி விடுதியைக் கட்டுகிற செங்கோட்டுவேல்.
போட்டேன். இருநூற்று இருபத்தெட்டு. பாஸ்.
சராசரியால் கட்டிய சுவரை
இந்தப் பன்னிரண்டு வருஷத்தில்
யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டியதில்லை.

அவர் போனபின் உடைசலைப் புரட்டினேன்.

முதல் கல்லின் முதுகில் கலவை முழுசாக,
இரண்டு பொந்துக்கும் நடுவே ஓடும் தண்டு வரைக்கும்.
இரண்டாவதில் இரு விளிம்பில் மட்டும்,
ஓமலூர்ப் பக்கம் ஓடும் தண்டவாளம் மாதிரி.
மூன்றாவதில் அந்தத் தண்டவாளத்தின் மேலும்
கரண்டி நுனி இழுத்த வாய்க்கால்.
வெளியே பார்த்தால் கலவை பிதுங்கி வழிந்திருக்கும்.
உள்ளே
விரல் போகிற அளவுக்குக் காற்று.

முகப்பில் ஒரு கீறல் இல்லை.
பக்கவாட்டில் திருப்பினால்தான்
தண்டு மேலிருந்து கீழாகப் பிளந்திருப்பது தெரிந்தது.
இரண்டு முகங்களும் நிமிர்ந்தே நின்றன,
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

"கல்லுக்கு இவ்வளவுன்னு கூலிங்க.
நூத்தம்பது கல் ஏறுனாத்தான் அன்னிக்கு அடுப்பு.
மூணாவது, பொழுது சாயறப்ப வச்சது"
என்றார் பச்சியண்ணன், நான் கேட்காமலே.
பிறகு கொஞ்சம் கோபமாக:
"நெசச் சுவருல கல்ல மாத்தி மாத்தி வைக்கிறோம்.
தண்டு மேல தண்டு உக்காராது, பொந்துதான் வரும்.
அங்க போட்ட கலவை உள்ள விழும்.
அது யாரைத் தாங்கும், சொல்லுங்க?"

பொய் இல்லை.
ஆனால் அது தண்டுக்கு மட்டும்தான் பதில்;
வாய்க்காலுக்கு இல்லை.
அதை நான் சொல்வதற்குள்
வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

படிவம் எல்லாம் கேட்கிறது.
கலவை விகிதம், நாள், தடிமன், தேதி.
எப்படிப் பரப்பினாய் என்று மட்டும் கேட்கவில்லை.
கடைசியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்:
குறிப்பு.
பன்னிரண்டு வருஷமாக அதில்
ஒரு சாய்கோடு போட்டுக் கையெழுத்திட்டு வருகிறேன்.

பேனாவை மூடிவிட்டுத் தட்டுவடை செட்டு தின்னப் போனேன்.
மாதம்மாள் கடையில் கூட்டம்.
அவசரத்தில் அவர் நடுவில் மட்டும்
ஒரு கிள்ளு பீட்ரூட் வைத்து
மேல் தட்டை அமுக்கினார்.
கடித்த இடத்தில் உடையாமல்
எங்கோ உடைந்து
துப்பட்டாவில் சிவப்பாக விழுந்தது.
"சட்னி ஓரம் வரைக்கும் வரலியா? குடு, வேற தரேன்."
காசு கேட்கவில்லை.

திரும்பி வந்து கட்டத்தில் எழுதினேன்.
இடம் போதாமல் படிவத்தின் ஓரத்திலும் ஏறிற்று எழுத்து.
ஒன்று: முழுப் பரப்பு. இரண்டு: விளிம்பு.
மூன்று: விளிம்பு, கரண்டிக் கோடு.
சராசரி பொருந்தாது.

அன்றிரவு வாடகை வீட்டுச் சுவரில்
காலண்டருக்குக் கீழே விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டிலிருந்து யாரோ
திருப்பித் தட்டினார்கள்.

அடுத்த மாதம் அதே குட்டியானை, அதே வைக்கோல்.
மூன்று புதிய சுவர்கள்.
மூன்றிலும் கலவை அழகாகப் பிதுங்கியிருந்தது.
பச்சியண்ணன் இந்த முறை வாசலில் நிற்கவில்லை,
உள்ளே வந்து முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

பிதுங்கலை நான் நம்புவதில்லை.
சுவிட்சைப் போட்டேன்.