பெயர் மட்டும்

ஆறு வருடத்தில் இது நான்காவது கடிதம்.
கோப்பு அதே. வாசகம் அதே.
"தங்களைத் தலைமைப் பயிற்சியாளராக நியமிப்பதில்
பெருமகிழ்ச்சி அடைகிறோம்."
பழைய பெயரை அழித்துப் புதிய பெயரைத் தட்டுவேன்.
பெருமகிழ்ச்சியில் இதுவரை யாரும் கைவைத்ததில்லை.

போன பருவத்தில் ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி.
அதற்கு முந்தையதில் ஒன்று வென்றோம்:
எதிரணியின் பேருந்து பனியில் மாட்டிக்கொண்டது.

பிப்ரவரி. வடக்கு டகோட்டா.
கொடிக்கம்பத்துக் கயிறு விடாமல்
இரும்பில் அடித்துக்கொண்டிருக்கிறது.
நூலகத்தில் நேர்காணல்.
காப்பி என் பொறுப்பு.

முதலில் வந்தவர் திரையில்
அம்புக்குறிகளைப் பாயவிட்டார்.
தாக்க பதினொரு வட்டம், தடுக்க வேறு பதினொன்று.
எங்களிடம் இருப்பது பதினேழு பையன்கள்,
அதில் ஒருவன் காலில் மாவுக்கட்டு.

அடுத்தவர் சாம்பியன் மோதிரத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்தார்.
விதை வியாபாரி க்ளேட்டன் ஹாகன்
அதைத் தன் விரலில் போட்டுப் பார்த்தார்.
திரும்ப வரவில்லை.
சோப்பு தேடி நான் ஓடினேன்.

மூன்றாவது ஆள் எமெட் டெகோட்டோ.
வெல்டிங் சொல்லித்தருபவர்,
புருவத்தில் ஒரு பொறி சுட்ட தழும்பு.
எதையும் கொண்டுவரவில்லை.
"ஓஸ்ட்பி ஏன் போகிறார்?" என்று மட்டும் கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை.
ஓஸ்ட்பி எங்கேயும் போகவில்லை.
பக்கத்து வகுப்பில்தான் இருந்தார்.
சுவர் வழியே அவர் குரல்:
முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும்
மூன்றாவதைவிடப் பெரிது.

டெகோட்டோ எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார்.

பதினோரு நிமிடம்.
என்ன பேசினார்கள் என்று தெரியாது.
திரும்பி வந்தபோது
சட்டைக் கையில் சுண்ணாம்புத் தூள்.

நான்குக்கு மூன்று. அவருக்கே வேலை.

மூன்றரை மணிக்கு ஓஸ்ட்பி சாவிக்கொத்தோடு வந்தார்.
உடைமாற்றும் அறைக்கு ஒன்று,
விளக்குக் கோபுரத்துக்கு ஒன்று,
எந்தப் பூட்டுக்கென்று யாருக்கும் தெரியாத ஒன்று.
"விருந்தினர் குளியலறைக் குழாயை
உதைத்தால்தான் வெந்நீர் வரும்.
அவரிடம் சொல்லிவிடுங்கள்."

போகவில்லை. என் திரையை எட்டிப் பார்த்தார்.

"டெகோட்டோ. கடைசி மூன்று எழுத்தும் சேர்ந்து
ஒரே ஓசை. பார்த்து எழுதுங்கள்.
என் கடிதத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது."

இரண்டு வருடம்!
அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"ஓர் ஆட்டமாவது ஜெயித்த பிறகு
சொல்லலாம் என்றிருந்தேன்."

பேருந்து மாட்டிக்கொண்டதை
அவர் கணக்கில் சேர்க்கவில்லை.