நூற்று அறுபத்தைந்து

கெயிர்ட்னர் உப்பேரி. மார்ச் மாதம், பகல் பதினொன்று.
வெயில் ஏற ஏறக் காற்று மெலிகிறது;
பெட்ரோல் மெலியவில்லை.

நாற்பது மில்லிமீட்டர் வாங்கு என்றார்கள் எல்லாரும்.
இந்த எஞ்சினுக்கு எதற்கு அவ்வளவு பெரிய வாய்,
விழுங்கத் தெரியாமல் விக்கும் என்று
முப்பத்தாறோடு நின்றவள் கொரின் ஹாட்ரிக்.

உப்பில் மண்டியிட்டு, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி,
பித்தளை ஜெட்டை ஊதி
வானத்துக்கு நேரே பிடிக்கிறாள்.
துளைக்குள் அடங்குகிறது
ஏரியின் அக்கரை, ஒரு கூடாரம், அரை மேகம்.
எழுபது இருந்த இடத்தில் அறுபத்தைந்து.
மயிரிழைதான்.

ஐந்தாம் மைலில் முழுத் திறப்பிலேயே
எஞ்சினை அணைத்து கிளட்சைப் பிடித்தாள்.
பிறகு வெறும் காற்றொலி.
வழுக்கிக்கொண்டே போனாள், வெகுதூரம்.

கழற்றிய பிளக்கில் தேநீர் நிறமில்லை.
வெளுத்த எலும்பு.
பட்டினி போட்டிருக்கிறாள்;
இன்னொரு ஓட்டத்துக்கு பிஸ்டன் தாங்காது.

எழுபதை மறுபடி முடுக்கும்போது
பக்கக்காற்று எழுந்தது.
இன்றைக்கு அவ்வளவுதான் என்று
கொடியைச் சுருட்டினான் லாக்லன்.

இரவு, நெடுஞ்சாலைக் கடையில்
உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சில்லறையைக் கொட்டினாள்.
கல்லாப் பையன் ஒன்றை மட்டும்
விரல்நுனியால் திருப்பித் தள்ளினான்:
"இது செல்லாது."

"ஆமாம்," என்றாள் கொரின்,
"நூற்று முப்பத்தொன்றுக்கு மேல்
செல்லவே இல்லை."