கடைசல் கணக்கு

ஒரு பேனா நாற்பத்தைந்து வெள்ளி.
பித்தளைக் குழாய், கிளிப்பு, மைக்குச்சி எல்லாம் சேர்த்துப்
பதினோரு வெள்ளி எழுபது காசு.
மரம் சும்மா.

பட்டர்வொர்த்தில் மழைக்குச் சாய்ந்த அங்சானாவை
மாநகராட்சி ஆட்கள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.
இரவு ஷிப்ட் முடிந்த சட்டையோடு
மோட்டாரை நிறுத்திக் கேட்டேன்.
விறகுக்கா என்றான் ஒருவன்.
பேனாவுக்கு என்றதும் சிரித்து
மூன்று துண்டு கூடுதலாகத் தூக்கிவைத்தான்.

நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை இது.
அதே மஞ்சள் பூ.
வெட்டிய இடத்தில் அதே சிவப்பு கசியும்;
துடைத்த துணியை
ஊய் மனைவி பார்த்துவிட்டுப்
பிளாஸ்டர் எடுத்துவந்தாள்.

ஊய் மோட்டார் பட்டறையில்
பழைய டயர்களுக்கு மேலே
எட்டு மாதம் காய்ந்தது மரம்.
பின்கட்டில் என் சின்ன லேத்.
ஃபிளாட்டில் வைத்திருந்தபோது
மேல்மாடி கமாரியா கதவைத் தட்டி
பிள்ளைக்குப் பரீட்சை என்றாள்.
தப்பு என்னுடையதுதான்.

முப்பத்தெட்டு கட்டைகள்.
ஏழு, சுழலும்போதே வெடித்தன.
ஒன்று தாடையில் ஏறித்
தையல் போடவைத்தது.
மோரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும்;
மரத்தைக் கடைந்தால் எல்லாம் தூளாகி
விரல் தடிமன் ஏதோ மிஞ்சும்.
அதற்கு மேல் பசை. தேய்ப்பு. மறுபடி பசை.

அந்தப் பசையில் ரேகை மூடிப்போய்
வங்கி இயந்திரம் என் பெருவிரலை
நான் இல்லை என்றது.
கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.
சங்கிலியில் கட்டியிருந்தது பேனா.
அதில் மை இல்லை.

சிறுநீரக நிலையத்தின் நிதிநாள்,
ஞாயிறு, புட்டு மாயம் கடைக்கும்
பழந்துணி மேசைக்கும் நடுவில் நான்.
'ஆன்லைனில் ரெண்டு வெள்ளிதானே' என்றாள் ஒரு பெண்.
ஆமாம் என்றேன்.
ஒரு டத்தோ பார்க்காமலே பன்னிரண்டு வாங்கினார்,
புகைப்படக்காரர் தயாரான பிறகு.
ஒரு பொடியன் எல்லாவற்றையும்
மேசைவிரிப்பில் எழுதிச் சோதித்தான்,
ஒவ்வொன்றிலும் ஒரு டைனோசர்.

கன்னியப்பன் வந்தார்.
முன்பு கோழி லாரி ஓட்டியவர்.
செவ்வாய், வியாழன், சனி
பதினேழாம் எண் படுக்கை.
இடது முழங்கையை நீட்டி
'தொட்டுப் பாருங்க' என்றார்.

நரம்பு இரண்டை ஒட்டிய இடம்,
கயிறுபோல் புடைத்து.
விரல் வைத்தேன்.
ஓடும் லேத்தின் மேல் கை வைத்தால் ஏறுமே,
எலும்பு வரைக்கும்,
அது.

'நிக்கக் கூடாது.
காலையில கண்ணு முழிச்சதும் இதத்தான் தொடுவேன்.
பொண்டாட்டி அப்புறம்.'

விற்க வேண்டாமென்று ஒதுக்கியிருந்த
விரிசல் விழுந்த பேனாவைத்தான் எடுத்தார்.
பிளவில் காப்பித்தூள் நிரப்பியிருந்தேன்.
முகர்ந்து பார்த்தார்.
இருபது போதும் என்றேன்.
'என் மிஷினுக்கு நான் கழிவு கேப்பனா?'
நாற்பத்தைந்தையும் எண்ணிவைத்தார்,
நோட்டெல்லாம் ஈரம்.

முப்பத்தொன்றும் போயின.
செலவு கழித்து
ஆயிரத்து முப்பத்திரண்டு வெள்ளி முப்பது காசு.
நிலையத்தின் விலையில் ஒன்பது தடவை.
ஓர் ஆளுக்கு மூன்று வாரம்.
எட்டு மாதம் காய்ந்த மரம், மூன்று வாரம்.
வீட்டுக்கு வந்து இரண்டு முறை கூட்டினேன்.
கணக்கு சரி.

சொல்ல விட்டுப்போனது:
அந்தப் பேனாவால் கன்னியப்பன்
முதலில் எழுதியது பெயரையல்ல.
ரசீதின் பின்னால், நிதானமாக,
4517.
'வெல நாப்பத்தஞ்சு, படுக்க பதினேழு.
புதன்கிழமை குலுக்கல்.'

விழவில்லை.
நானும் இரண்டு வெள்ளி போட்டிருந்தேன்.