அரைப்பேர்

பூண்டுலோயாவுக்கு மேலே, மேற்கணக்கில்,
மழை விடாத ஆடி மாதத்து ராத்திரிகளில்
இரண்டு பேர் உலகத்தைப் பங்கு வைத்தார்கள்.

பெரிய கிளாக்கர் சபாநாதர் திட்டத்தின் ஆள்:
எத்தனை முழம் துணி, எத்தனை மூடை மா, எத்தனை டன் இரும்பு,
ஒரு மேசையில் ஒருவன் குந்தியிருந்து எழுதினால்
ஊரில் பசி இராது என்பார்.
டீமேக்கர் இருதயநாதன் பீடியை அணைத்துவிட்டு,
"அந்த ஒருவனுக்கு எத்தனை கண்?" என்பார்.
"கொழும்பு ஏலத்தில் நாலு சதம் விழுந்தால்
எந்த ரோதையை நிறுத்துவதென்று
எனக்கு ஒருவரும் எழுத வேண்டாம்.
விலைதான் காயிதம்."
"அந்தக் காயிதம் லயத்துக்கும் வருமோ?"

சண்டை முடிந்து பத்து வருஷமாகியும்
ஜெர்மனியையும் ரஷ்யாவையும்
கேரம் பலகையில் வைத்து அடித்துக்கொண்டார்கள்.
நான் செக்ரோல் எழுதுகிறவன்,
இருவருக்கும் தூள் தேநீர் ஊற்றினேன்.
நல்லது ஏலத்துக்குப் போயிருந்தது.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்:
கணக்குச் சரியாயிருக்க வேண்டும்.

கணக்கு என்னிடமிருந்துதான் கிளம்பியது.
நாலு மணி நிறுவை. படங்குச் சாக்கில் தண்ணீர் சொட்ட
ரெங்காயி கூடையைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் முப்பத்தொன்றில் நின்றது.
ஈரத்துக்கு நாலு கழித்து இருபத்தேழு என்று எழுதினேன்.
முப்பதுக்கு முழுப்பேர். அவளுக்கு அரைப்பேர்.
ரெங்காயியில் எந்த அரை என்று குறிக்க
செக்ரோலில் கட்டம் இல்லை.

வெயில் நாளிலும் நாலு கழித்தேன்.
துரையின் சொல்,
என் பென்சில்.

பிறகு தோட்டம் அரசாங்கத்திடம் வந்தது.
போர்டுக்குப் புதுச் சாயம், கூப்பனில் பாதி அரிசி.
மரவள்ளி இலையும் தீர்ந்துபோன காலம் அது.
ராத்தல் கிலோவானபோது
நாலு ராத்தல் இரண்டு கிலோவானது;
இடையில் விழுந்த சில்லறையும் தராசுக்கே.
பிறகு கடைகள் திறந்தன, லயத்தில் ரேடியோ பாடியது.
பிறகு கம்பெனி வேறு பெயரில் திரும்பி வந்தது.
இரண்டு கிலோ அப்படியே இருந்தது.

சபாநாதரின் மேசைக்குப் போனதும் என் இருபத்தேழுதான்.
இருதயநாதனின் காயிதத்தில் ஒட்டியிருந்ததும் அதுதான்.
எங்கோ யாரோ இன்னமும்
அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் தலவாக்கலை பஸ்ஸில்
பக்கத்து சீட்டில் ரெங்காயி.
கோபமாய்க்கூட இல்லை, விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள்:
"ஐயா, அந்த நாலு ராத்தல் மழைய
எங்க கொண்டுபோயி வித்தீங்க?"

டிக்கட் எடுத்தாயிற்று.
ஆனாலும் இறங்குமட்டும்
சட்டைப் பையில்
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.